எட்டாம் எண்ணுக்குப் பிறகு ஒன்பது

ஆண்டர்சன்பேட்டை, கே.ஜி.எப்.
ஞாயிற்றுக்கிழமை, காலை

பெருமதிப்பிற்குரிய சம்பந்தி அம்மாள் கங்கம்மா அவர்களுக்கு,

தசரதன் வணக்கத்துடன் எழுதிக்கொள்வது. இங்கு நான் நலம். அங்கு தங்கள் நலத்தையும், நிறைமாதமாக இருக்கும் மருமகள் வாணியின் நலத்தையும், என் மகன் சுனிலின் நலத்தையும் அறிய விரும்புகிறேன். தாங்கள் என் பொறுப்பில் விட்டுச் சென்ற வெள்ளாடு டீச்சரும் நலம். அவளுடைய குட்டிகள் இரண்டும் நலம். இந்த இடத்தில் ‘குட்டிகள் மூன்றும் நலம்’ என்று எழுதியிருக்க வேண்டும். அப்படி எழுத முடியாதபடி செய்தவன் நான்.

செவ்வாய்க்கிழமை மாலை சுனில் போன் செய்தபோது, டீச்சர் குட்டி போட்டுவிட்டாள், எல்லாம் சரி என்றேன். வெள்ளிக்கிழமை மறுபடி கேட்டான். அப்போதும் சரி என்றேன். போனில் எனக்கு ‘சரி’, ‘ஆமாம்’, ‘வைக்கட்டுமா’ என்ற மூன்றுக்கு மேல் வராது என்பது தங்களுக்குத் தெரிந்ததே. ஆகவே நடந்ததை நடந்த வரிசையில் எழுதுகிறேன். சொல்ல வேண்டியவை இரண்டு. ஒன்று, மூன்றாவது குட்டி என்னால் இறந்தது. இரண்டு, பிறக்கப்போகும் குழந்தையின் நாக்கில் முதல் சொட்டுச் சர்க்கரைத் தண்ணீரை நான்தான் தொட்டு வைக்க வேண்டும், அப்போதுதான் என் குணம் குழந்தைக்கு வரும் என்று தாங்கள் ஆசையாகச் சொல்லிவிட்டுப் போனீர்கள். அந்தச் சேனை வைக்க நான் தகுதி இல்லாதவன். வேறு நல்ல மனிதராகப் பார்த்துக்கொள்ளவும். முதல் விஷயத்தைப் படித்து முடித்தால் இரண்டாவது விஷயம் தானே விளங்கும்.

தாங்கள் பெங்களூருக்குப் புறப்பட்ட அன்று, தங்கள் பாலகாட் லைன் வீட்டிலிருந்து ஆட்டோவில் டீச்சரையும் ஏற்றிக்கொண்டு என் வாசலுக்கு வந்தீர்கள். கண்ணைச் சுற்றி மூக்குக்கண்ணாடி போல வெள்ளை வளையம் இருப்பதால் அவளுக்கு அந்தப் பெயர் என்று எனக்குத் தெரியும். ஆனால் அவள் ஆட்டோவிலிருந்து இறங்கி என்னை ஏற இறங்கப் பார்த்த பார்வையில் வேறு காரணமும் இருக்கலாம் என்று தோன்றியது. தாங்கள் இறங்கவில்லை. கயிற்றை என் கையில் கொடுத்துவிட்டு, வண்டியில் உட்கார்ந்தபடியே சொல்லிக்கொண்டே போனீர்கள். டிரைவர் மனோகர் ஹாரனிலிருந்து கையை எடுக்கவில்லை.

“அண்ணா, கஞ்சித் தண்ணி சூடா வெக்காதீங்க, வாய் வெந்துடும். மழைல கட்டாதீங்க. அவ முட்டுவா. நீங்க பயந்துட்டீங்கன்னு தெரிஞ்சா இன்னும் முட்டுவா. குட்டி போட்டா நஞ்சு விழுந்துதான்னு பாருங்க, நாய் இழுத்துக்கினு போவாம பொதச்சிடுங்க. குட்டிங்கள ஒடனே மடில வுட்டுடுங்க, இன்னா? வேப்பங்கொழ தெனம் ரெண்டு கட்டு...”

“யம்மோவ், வண்டி போயிடும்!” என்றார் மனோகர். ஆட்டோ கிளம்பியும் தாங்கள் தலையை வெளியே நீட்டி இன்னும் ஏதோ சொன்னீர்கள். நான் எல்லாவற்றையும் நோட்டில் எழுதிக்கொண்டேன். மொத்தம் பதிமூன்று. ஒவ்வொன்றுக்கும் இடப்பக்கத்தில் எண் போட்டேன். எட்டு: நஞ்சுக்கொடி விழுந்ததா என்று பார்த்துப் புதைக்க வேண்டும். ஒன்பது: குட்டிகளை உடனே மடியில் விட வேண்டும். ‘உடனே’ என்பதன் கீழ் நானே இரண்டு கோடு போட்டிருக்கிறேன். நோட்டு இப்போதும் என் முன்னால் திறந்து கிடக்கிறது.

எண் போட்டது நான். தாங்கள் எண் சொல்லவில்லை. ஞாபகத்துக்கு வந்ததை வந்தபடி சொன்னீர்கள். ஒரு ஆடு குட்டி போடும்போது எது முதலில், எது பிறகு என்பதெல்லாம் சொல்லித் தெரிய வேண்டிய விஷயமாகத் தங்களுக்குத் தோன்றியிருக்காது. ஆனால் நான் நந்திதுர்க் சுரங்கத்தின் லேம்ப் ரூமில் முப்பது வருடம் டோக்கன் வாங்கி விளக்குக் கொடுத்தவன். ஒரு நம்பர் திரும்பி வராமல் அடுத்த வேலையைத் தொடக் கூடாது. கீழே போன ஆள் மேலே வந்தானா என்று தெரியாமல் புத்தகத்தை மூடக் கூடாது. அந்த ஒழுங்கில் நான் ஒரு நாளும் தவறியதில்லை, ஒரு ஆளும் விடுபட்டதில்லை. அதை நினைத்து இந்த வயது வரை கொஞ்சம் பெருமையும் பட்டிருக்கிறேன். அந்தப் பெருமைதான் செவ்வாய்க்கிழமை ஆட்டுக்கொட்டகைக்குள் என் கூடவே வந்து உட்கார்ந்தது.

செவ்வாய் காலை டீச்சர் தரையைச் சுரண்டிக்கொண்டு ஒரு தினுசாக முனகினாள். ஒன்பது நாற்பதுக்கு முதல் குட்டி விழுந்தது, பழுப்பு நிறம். ஒன்பது ஐம்பத்தைந்துக்கு இரண்டாவது. கறுப்பு, வயிற்றில் மட்டும் வெள்ளை. முடிந்தது என்று நினைத்து நோட்டில் ‘இரண்டு’ என்று எழுதி அடிக்கோடு இட்ட பிறகு, பத்து இருபதுக்கு மூன்றாவது வந்தது. சாம்பல் நிறம். என் இரண்டு உள்ளங்கைகளைச் சேர்த்தால் அதற்குள் அடங்கும். காதுகள் இரண்டும் தலையோடு ஒட்டிக் கிடந்தன. ‘இரண்டு’ என்பதை அடித்துவிட்டு ‘மூன்று’ என்று எழுதினேன். டீச்சர் மூன்றையும் நக்கித் துவட்டினாள். என்னை முட்டவும் இல்லை. எல்லாம் என் திறமையால் நடப்பது போல ஒரு எண்ணம் எனக்கு வந்தது உண்மை.

நஞ்சுக்கொடி மட்டும் விழவில்லை; பாதி தொங்கிக்கொண்டு நின்றது. எட்டு முடியவில்லை. ஆகவே ஒன்பதைத் தொடவில்லை. முக்காலியைப் போட்டுக்கொண்டு காத்திருந்தேன். பழுப்பும் கறுப்பும் கால் நடுங்க எழுந்து டீச்சரின் மடியைத் தேடிப் போயின. நான் அவற்றைப் பிடித்து வந்து அழுக்குத் துணி போடும் பிளாஸ்டிக் கூடைக்குள் வைத்தேன். மறுபடி கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடின. மறுபடி பிடித்து வந்தேன். “11.15, பழுப்பு, கூடையைக் கவிழ்த்து மடிக்குப் போனது, மீட்கப்பட்டது” என்று எழுதியிருக்கிறேன். 11.30, 11.50, 12.10 என்று இப்படி ஒரு பக்கம் முழுக்க இருக்கிறது. ஒவ்வொரு தடவையும் நான் போய்ப் பிடிப்பதற்குள் அவை நாலு வாய் உறிஞ்சிவிட்டன. திருட்டுக் குட்டிகள் என்று திட்டினேன். சாம்பல் குட்டி ஒரு தடவைகூடக் கூடையை விட்டு வெளியே வரவில்லை. கத்தியது, பிறகு மெதுவாகக் கத்தியது, பிறகு என்னையே பார்த்துக்கொண்டு படுத்திருந்தது. அதன் தலையைத் தடவி, நீதான் சொன்ன பேச்சைக் கேட்கிற நல்ல பிள்ளை என்று சொன்னேன். சம்பந்தி அம்மா, இதை எழுதாமல் விட்டுவிடலாமா என்று நேற்று முழுக்க யோசித்தேன். எழுதிவிட்டேன்.

அந்தச் சமயத்தில் பக்கத்து வீட்டுப் பாப்பம்மா சுவருக்கு மேலே தலையை நீட்டினாள்.

“இன்னா சாரு, குட்டிங்க இந்தக் கத்து கத்துது?”

“நஞ்சு இன்னும் விழல, பாப்பம்மா. அதுக்குத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்.”

“அய்ய, அது விழாம பால் குடுத்துடாதீங்க. எங்க அத்த சொல்லும், பாலு கீழ எறங்குச்சின்னா நஞ்சு மேல ஏறிக்கும்னு. நல்ல வேள, வெவரம் தெரிஞ்ச மனுசன் நீங்க.”

விவரம் தெரிந்த மனிதன் என்று என்னை யாரும் சொல்லிக் கேட்டு வெகு நாளாயிற்று. நான் நிமிர்ந்து உட்கார்ந்தேன். பாப்பம்மா சுவரைச் சுற்றிக்கொண்டு வந்து டீச்சரின் மடியைத் தொட்டுப் பார்த்தாள். “மடி கல்லாட்டம் கீது. கறக்காம வுட்டா பத்திக்கும்” என்று சொல்லி, ஒரு சொம்பு நிறையக் கறந்துவிட்டாள். கறந்தாலும் பால் இறங்கத்தானே செய்கிறது என்று எனக்கு அப்போது தோன்றவில்லை. மஞ்சளாக, கெட்டியாக, தேன் ஊற்றுகிற மாதிரி இறங்கியது. “ஆட்டுக் கிண்ணு எம்மாம் நாளாச்சி!” என்று சொல்லிக்கொண்டே நாலு டம்ளரில் ஊற்றினாள். ஒன்று அவள் வீட்டுக்கு, ஒன்று கோடி வீட்டு டென்சிலுக்கு, ஒன்று எதிர்வரிசையில் தையல் மெஷின் வைத்திருக்கும் பியூலாவுக்கு, ஒன்று எனக்கு. இங்கே மாடோ ஆடோ ஈன்றால் முதல் பாலை அக்கம்பக்கம் கொடுத்து, இனிப்பாக அவித்துக் கிண்ணு செய்வது வழக்கம்தானே என்று நானும் தலையாட்டினேன். என் பங்கையும் அவளே வெல்லமும் ஏலக்காயும் போட்டு இட்லிப் பானையில் வேகவைத்து, இரண்டு மணிக்கு வாழை இலையில் கொண்டுவந்து வைத்தாள். நான் சாப்பிட்டேன். நன்றாக இருந்தது. எட்டு முடியாமல் ஒன்பதைத் தொடக் கூடாது என்று நாலு மணி நேரமாக முக்காலியில் உட்கார்ந்து காத்த நான், பதிமூன்று எண்ணிலும் இல்லாத கிண்ணை மட்டும் எண் பார்க்காமல் தின்றேன்.

தின்று கையைக் கழுவியபோது சாம்பல் குட்டி என் கையை முகர்ந்தது. பாவமாக இருந்தது. ஒரு கிண்ணத்தில் சர்க்கரைத் தண்ணீர் கலக்கி, விரலால் தொட்டு அதன் நாக்கில் வைத்தேன். சப்பிக்கொண்டு கண்ணை மூடியது.

மூன்று பத்துக்கு நஞ்சுக்கொடி விழுந்தது. கொல்லையில் குழி தோண்டிப் புதைத்து, மேலே கல் வைத்து, கையைக் கழுவி, எட்டுக்கு நேராக ஒரு டிக் போட்டுவிட்டு ஒன்பதுக்கு வந்தேன். சாம்பல் குட்டியைத் தூக்கி மடியில் காம்புக்கு நேராகப் பிடித்தேன். அது வாயைத் திறக்கவில்லை. காம்பை நானே வாய்க்குள் வைத்தேன், வெளியே நழுவியது. கழுத்து நிற்கவில்லை. அப்போதுதான் அதன் வாய்க்குள் என் விரல் பட்டது. பச்சைத் தண்ணீரில் விரலை விட்ட மாதிரிச் சில்லென்று இருந்தது.

பாப்பம்மா மாட்டாஸ்பத்திரிக்குப் போன் செய்தாள். நாலு மணிக்கு டாக்டர் தேஜஸ்வினி ஸ்கூட்டரில் வந்தார். சுனிலைவிடச் சின்ன வயசு. ஹெல்மெட்டைக்கூடக் கழற்றாமல் குட்டியின் வாயில் விரலை விட்டுப் பார்த்தார்.

“ஏனு தாத்தா இது! பொறந்து எவ்ளோ நேரம் ஆச்சு?”

நோட்டை நீட்டினேன். அவர் இரண்டு பக்கத்தையும் நிதானமாகப் படித்தார். படித்துவிட்டு என்னைப் பார்த்தார்.

“எல்லாம் நல்லா எழுதி வெச்சிருக்கீங்க தாத்தா. பால் மட்டும்தான் குடுக்கல.”

பிறகு கோபமில்லாமல்தான் சொன்னார். அவர் சத்தம் போட்டிருந்தால் எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். “குட்டிங்க நோய தாங்கற சக்தி இல்லாமத்தான் பொறக்கும். அந்தச் சக்தி சீம்பால்லதான் இருக்கு. மொதல் ஒரு மணி நேரத்துல குடிச்சா முழுசா ஒடம்புல சேரும். நேரம் ஆக ஆக குடல் கதவ சாத்திக்கும், அப்பறம் குடிச்சாலும் வெறும் பாலுதான். சூடும் அதுலதான் வரும். நஞ்சு விழட்டும்னு யாரு காத்திருக்கச் சொன்னாங்க? குட்டி சப்பினாத்தான் கர்ப்பப்பை சுருங்கி நஞ்சே விழும்.”

அதாவது ஒன்பதைச் செய்திருந்தால் எட்டு தானாக நடந்திருக்கும். நடந்ததும் அப்படித்தான். நஞ்சு விழுந்ததே நான் திட்டித் திட்டிப் பிடித்து வந்த அந்தத் திருட்டுக் குட்டிகளின் தயவில்தான். பாப்பம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சுவரோரமாகப் போய் நின்றுவிட்டாள்.

டாக்டர் டீச்சரின் மடியைப் பீய்ச்சிப் பார்த்தார். மூன்று ஸ்பூன்தான் வந்தது. “பத்தாது. டியூப் போட்டு வயித்துக்குள்ள ஊத்தணும். இவ்ளோண்டு குட்டிக்கே ஒரு டம்ளராவது வேணும். காய்ச்சாத சீம்பால் எங்கயாவது இருக்கா? சீக்கிரம் தாத்தா” என்று சொல்லிக்கொண்டே வெந்நீர் பாட்டிலைத் துணியில் சுற்றிக் குட்டிக்கு அணை கொடுத்தார்.

சம்பந்தி அம்மா, நான் யாரிடமும் கொடுத்ததைத் திருப்பிக் கேட்டவன் அல்ல. சுனில் தங்களிடம் சொல்லிச் சிரித்திருப்பான், ஒரு மழை நாளில் என் குடையை வாங்கிப் போன போர்மேன் அதை அடுத்த மழைக்கு என் எதிரிலேயே விரித்துக்கொண்டு போனார். நான் நனைந்துகொண்டே வணக்கம் சொன்னேன். பிறகு வேறு குடை வாங்கிக்கொண்டேன். அப்படிப்பட்டவன் டம்ளர் பாலைத் திருப்பிக் கேட்கக் கிளம்பினேன். முதலில் பாப்பம்மாவின் வீடு. அவள் எனக்கு முன்னால் ஓடிப் பாத்திரத்தைத் திறந்து காட்டினாள், வழித்துத் தின்றாகிவிட்டது. அடுத்து டென்சில் வீடு. எண்பது வயசிலும், சுரங்கத்தில் ஆள் இறக்கும் கேஜின் மணி அடிக்கிற மாதிரிக் குரல்.

“கமான் தசரத், கரெக்ட் டைம் மேன்! இப்பத்தான் எறக்கினேன். ஒரு பீஸ் சாப்புடு.”

தட்டில் கேக் போல வெட்டி வைத்திருந்தார். அதில் ஆவி பறந்தது. விஷயத்தைச் சொல்ல வாயைத் திறந்தேன். திறந்த வாயில் அவர் ஒரு துண்டை வைத்துவிட்டார். மறுக்கத் தெரியாமல் மென்று விழுங்கினேன். “எப்டி?” என்றார். “நல்லா இருக்கு” என்றேன். இதில் நாலு நிமிஷம் போயிற்று. அந்த நாலு நிமிஷத்தைப் பிறகு நோட்டில் எழுதினேன், வேறு யாருக்குத் தெரியாவிட்டாலும் இருக்கட்டும் என்று.

பியூலா வீட்டுக் கதவு சாத்தியிருந்தது. உள்ளே தையல் மெஷின் ஓடும் சத்தம். வழக்கமாக நான் கதவருகில் நின்று இருமுவேன். யாராவது பார்த்தால் சரி, இல்லாவிட்டால் திரும்பிவிடுவேன். அன்று கையால் அடித்தேன். ஐந்தாறு தடவை அடித்தேன் போலிருக்கிறது.

“இன்னா சார், கதவ ஒடச்சிடுவீங்க போல? டம்ளருக்கா வந்தீங்க? கழுவி அனுப்ப மாட்டேனா நானு?”

“டம்ளர் வேணாம். மத்தியானம் குடுத்த பால் வேணும். திருப்பிக் குடுங்க.”

என் குரல்தானா என்று எனக்கே சந்தேகமாக இருந்தது. தெருவில் போன இரண்டு பேர் நின்று பார்த்தார்கள்.

“குடுத்தத வாசல்ல நின்னு திருப்பிக் கேக்கற மொத ஆள இப்பத்தான் பாக்கறேன்” என்றாள் பியூலா. குட்டி சாகக் கிடக்கிறது என்றேன். அவள் சட்டென்று உள்ளே திரும்பினாள். வெல்லம் தீர்ந்துபோனதால் பால் பிரிட்ஜிலேயே இருந்தது. டம்ளரை எடுத்துக்கொண்டு செருப்புக்கூடப் போடாமல் தெருவில் ஓடினாள். நான் பின்னால் போனேன். “நீங்க மெதுவா வாங்க சார். நீங்க நடந்து வர்றதுக்குள்ள இது தயிராயிடும்!” என்று ஓடிக்கொண்டே கத்தினாள்.

டாக்டர் டம்ளரை வெந்நீரில் வைத்துப் பதமாகச் சூடாக்கி, மெல்லிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்கினார். ஐந்தரை மணிக்குக் குட்டி தலையைத் தூக்கியது. ஆறு மணிக்கு எழுந்து நின்று, நாலு காலும் நாலு திசையில் போக, ஒரு தடவை நன்றாகக் கத்தியது. பாப்பம்மா அழுதாள். பியூலா கை தட்டினாள். டென்சில் தொப்பியைக் கழற்றி டாக்டருக்குத் தலை குனிந்தார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன். அப்போதுதான் சுனிலின் போன் வந்தது. எல்லாம் சரி என்று அவனிடம் சொன்னது அந்த நேரத்துக்குப் பொய்யில்லை.

புதன்கிழமை குடித்தது. வியாழக்கிழமை பாதி குடித்தது. மாலையில் கழிச்சல் கண்டது. டாக்டர் மறுபடி வந்து ஊசி போட்டார். வெள்ளிக்கிழமை காலை ஏழு மணிக்கு நான் பாட்டிலோடு போனபோது அது டீச்சரின் முன்னங்கால் பக்கத்தில் படுத்திருந்தது. டீச்சர் அதை நக்கிக்கொண்டே இருந்தாள். நான் குனிந்து தொட்டுப் பார்த்துவிட்டு, பாட்டிலை ஓரமாக வைத்துவிட்டு, அவள் நக்கி முடிக்கட்டும் என்று நின்றேன். வெகு நேரம் ஆயிற்று. கொல்லையில் முருங்கை மரத்தடியில் ஆழமாகத் தோண்டினேன். பியூலா ஒரு தலையணை உறை கொண்டுவந்து கொடுத்தாள். “சின்னது எப்பவும் கஷ்டம்தான் தாத்தா, மூணுல ஒண்ணு நல்லா பாத்துக்கிட்டாலும் போயிடும்” என்று டாக்டர் போனில் சொன்னார். நல்ல பெண். என் சமாதானத்துக்காகச் சொன்னார் என்பது எனக்குத் தெரியும். மூன்றில் ஒன்று போகும் என்றால் போவது எது என்பதை நான் அல்லவா கூடை வைத்துத் தீர்மானித்தேன்?

இப்போது இரண்டாவது விஷயம். வாணிக்குப் பிறக்கும் குழந்தைக்கு ‘அண்ணன் குணம் வரட்டும், அதிர்ந்து பேசாத மனுசன்’ என்று தாங்கள் சொன்னபோது எனக்குச் சந்தோஷமாகவே இருந்தது. இப்போது யோசித்துப் பார்க்கிறேன். சாம்பல் குட்டிக்கு நான் என் விரலால் சர்க்கரைத் தண்ணீர் வைத்தேனே, அதுவும் சேனைதான். என் குணம் அப்படியே வந்தது. மற்ற இரண்டும் கூடையைக் கவிழ்த்துக்கொண்டு ஓடியபோது, அது சத்தம் போடாமல் தன் முறை வரும் என்று காத்திருந்தது. சொல் கேளாத இரண்டும் இப்போது கொல்லையில் என் வேட்டியைக் கொடியிலிருந்து இழுத்துப் போட்டு அதன் மேல் குதித்துக்கொண்டிருக்கின்றன. எனக்குப் பேரனோ பேத்தியோ, யாராக இருந்தாலும் கூடையைக் கவிழ்க்கிற பிள்ளையாகப் பிறக்கட்டும். ஆகவே என்னைக் கூப்பிட வேண்டாம். பெயர் வைக்கும் நாளில் வந்து ஓரமாக நின்று பார்த்துவிட்டு வருகிறேன். யார் சேனை வைப்பதாக இருந்தாலும், எந்தப் பெரியவர் என்ன சொன்னாலும், குழந்தை முதலில் தாய்ப்பால் குடிக்க வேண்டும் என்பது மட்டும் என் விண்ணப்பம். இதற்கு எண் போடவில்லை.

டீச்சரையும் இரண்டு குட்டிகளையும் தாங்கள் சொல்லும் நாளில் மனோகரின் ஆட்டோவில் பாலகாட்டுக்கு அனுப்பிவிடுகிறேன். இனி எந்த உயிரையும் என் பொறுப்பில் விட வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன். வாணி நல்லபடியாகப் பெற்றுப் பிழைத்து வர என் ஆசிகள். சுனிலுக்கும் ஆசிகள், நேரத்துக்குச் சாப்பிடச் சொல்லவும். தங்களிடம் மன்னிப்புக் கேட்கும் தகுதியும் இல்லாததால், கேட்கவில்லை என்பதையும் தெரிவித்துக்கொண்டு முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நம்பிக்கைக்குப் பாத்திரமாக இல்லாமல்போன
தசரதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டுவதற்கு இரண்டு சோற்றுப் பருக்கை கேட்டுப் பாப்பம்மா வீட்டுக்குப் போனேன். “யாருக்குச் சாரு இம்மாம் பெரிய கடுதாசி?” என்றாள். சொன்னேன். “அய்ய, இன்னாத்துக்கு? நான்தான் வெள்ளிக்கிழமயே கங்கம்மாகிட்ட போன்ல எல்லாத்தையும் சொல்லிட்டேனே. அத்த சொன்னத கேட்டுக்கினு நான் பண்ண தப்பயும் சேத்துத்தான் சொன்னேன்” என்றாள். எனக்கு முக்காலி தேவைப்பட்டது. தாங்கள் சாம்பல் குட்டிக்காக அழுதீர்களாம். பிறகு, “அவரு எழுதுவாரு, எழுதட்டும், தெரிஞ்ச மாதிரி காட்டிக்காதே” என்றீர்களாம். அதற்குப் பிறகு சொன்னதை மட்டும் பாப்பம்மாவிடம் மறுபடி மறுபடி கேட்டு, நோட்டில் அப்படியே எழுதிக்கொண்டு வந்தேன்: “குடைய கேக்காத மனுசன் ஒரு டம்ளர் பாலுக்காகத் தெருவுல நின்னு கதவ இடிச்சாராமே. அந்தக் குணம் வந்தா போதும் என் பேரப்புள்ளைக்கு. சேனையும் வாணாம், சக்கரத் தண்ணியும் வாணாம். அம்மா பால குடிச்சதும் மொதல்ல அவருதான் தூக்கணும்.”

ஆகவே மேலே கடைசிப் பக்கத்தில் எழுதியிருப்பதை எழுதாததாகக் கருதவும். குட்டிகளைத் திருப்பி அனுப்புவது பற்றிய வரியையும் இப்போதைக்குப் பொருட்படுத்த வேண்டாம். டீச்சர் இங்கே பழகிவிட்டாள். நான் இல்லாதபோது தாயும் குட்டிகளுமாக மூன்றையும் பியூலா பார்த்துக்கொள்வதாகச் சொல்லியிருக்கிறாள். வாணிக்கு வலி கண்டதும் சுனில் போன் செய்யட்டும். மாரிக்குப்பம் ஸ்டேஷனில் முதல் வண்டியைப் பிடித்து வந்துவிடுகிறேன். குழந்தை வயிறு நிறையக் குடித்து முடிக்கும் வரை ஆஸ்பத்திரி வராந்தாவில் நிற்கிறேன். எவ்வளவு நேரமானாலும் பரவாயில்லை. உள்ளே இருப்பவர்கள் என்னைக் கூப்பிட மறந்துவிட்டால், நான் இருமிக்கொண்டு நிற்க மாட்டேன். கதவைத் தட்டுவேன்.